சாவா மூவாப் பேராடும் ஒரு பகடை ஆட்டமும்

பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம் அது. மாலையில் துறை அறையைப் பூட்டிக்கொண்டு புறப்படும் வேளையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஐவர் வாசலில் வந்து நின்றனர். வருகைப்பதிவு பற்றியோ அகமதிப்பீட்டுத் தேர்வு பற்றியோ ஏதேனும் கேட்கப் போகிறார்கள் என்று எண்ணினோம். ஆனால் அவர்கள் நம்மிடம் கொண்டுவந்தது ஒரு வழக்கு.

ஐவரும் சனிக்கிழமைகளில் கூடி ஓர் ஆட்டம் ஆடுகிறார்கள். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பகடை உருட்டிக் கதையை வளர்க்கும் ஆட்டம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று அதற்குப் பெயராம். ஒருவர் கதைநடத்துநர், நாட்டையும் காட்டையும் பகைவரையும் படைத்துத் தருவது அவர் பொறுப்பு. மற்ற நால்வரும் அந்த உலகுக்குள் உலவுபவர்கள். அவர்களுள் ஒரு மாணவி மந்திரம் வல்ல பெண்ணொருத்தியின் வேடம் ஏற்றிருக்கிறாள். அவள் ஊர் வேதாரண்யம் பக்கம், கடைமடைப் பகுதி. காவிரி கல்லணையைத் தாண்டி எத்தனையோ வாய்க்கால்களாகப் பிரிந்து, மெலிந்து, கடைசியாக எட்டிப் பார்க்கும் இடம். வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பின்னும், தண்ணீர் வருமா வராதா என்று நாள்களை எண்ணிக் காத்திருக்கும் ஊர்களில் ஒன்று.

ஆட்டத்தில் அவள் ஒரு வரம் கேட்டாள். தன் கதையிலுள்ள ஊரின் மதகடியில் ஒரு கற்பாவையைத் தன் மந்திரத்தால் நிறுத்த வேண்டும், அது இரவும் பகலும் நீரைக் காக்க வேண்டும், என்றென்றும் அழியக்கூடாது. கதைநடத்துநரான மாணவன் மறுத்துவிட்டான். "அழியாத காவல் ஒன்று வந்துவிட்டால் அந்த ஊரில் இனி எனக்குச் சொல்லக் கதையே இல்லை ஐயா. நாளைக்கு இன்னொருவன் அழியாத படை கேட்பான். அப்புறம் ஆட்டம் எங்கே இருக்கிறது?" என்பது அவன் வாதம். "எதைச் செய்தாலும் அது போய்விடும் என்றால் எதற்காக ஆட வேண்டும்?" என்பது அவள் வாதம். நம் இலக்கியத்தில் இதற்கு முன்மாதிரி உண்டா, உண்டென்றால் அவற்றைச் செய்தவர் யார், எந்த நிபந்தனையில் செய்தனர் என்று கேட்டுத்தான் வந்திருந்தனர்.

ஒரு வாரம் தவணை கேட்டோம். அந்த ஒரு வாரத்தில் தேடியும் நினைவுகூர்ந்தும் கண்டவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆட்டத்தின் விதிகள்

முதலில் அந்த ஆட்டத்தின் வரலாற்றை அவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974 இல் வெளியிட்ட ஆட்டம் இது. ஐம்பதாண்டுகளைக் கடந்துவிட்டது. நம் மாணவரிடையே எழுந்த வழக்கு புதியதன்று. விதிநூல்களை எழுதியவர்களும் இதே சிக்கலோடு மல்லாடியிருக்கிறார்கள்.

1978 இல் வந்த விதிநூலில் 'நிலைபேறு' என்று நாம் பெயர்க்கத்தக்க ஒரு மந்திரம் உண்டு. வேறொரு மந்திரத்தின் மேல் இதை ஓதினால் அது கலையாமல் நிலைத்துவிடும். அதற்கு விலை, ஓதுபவரின் உடல்வலிமையில் ஓர் அலகு. இழந்தது இழந்ததுதான். 2000 இல் வந்த மூன்றாம் பதிப்பில் விலை வேறாயிற்று. கதைமாந்தர் பாடுபட்டுச் சேர்த்த அனுபவப் புள்ளிகளிலிருந்து கொடுக்க வேண்டும். 2014 இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்த மந்திரமே இல்லை. அதற்கு மாறாகச் சில மந்திரங்களை ஒரே இடத்தில் ஓராண்டு முழுவதும் நாள் தவறாமல் ஓதினால் அவை நிலைபெறும் என்று விதித்தார்கள். முதலில் உடல், பிறகு அனுபவம், பிறகு காலம் என்று விலை மாறி வந்திருக்கிறது. விலையில்லாமல் நிலைபேறு தரலாம் என்று மட்டும் அவர்கள் துணியவில்லை.

அந்த ஆட்டத்தில் உலவும் மந்திரப் படைப்புகளுள் புகழ்பெற்றது 'கோலெம்' என்னும் உருவம். யூதர் மரபிலிருந்து எடுத்துக்கொண்டது. களிமண்ணால் ஆள் செய்து, அதன் நெற்றியில் வாய்மை என்று பொருள்படும் 'எமெத்' என்ற சொல்லை எழுதினால் அது எழுந்து ஏவல் செய்யும். முதலெழுத்தை அழித்துவிட்டால் 'மெத்', அதாவது இறந்தது என்றாகி, மண்ணாய்ச் சரிந்துவிடும் என்பது வழக்கிலுள்ள கதை. பதினாறாம் நூற்றாண்டில் பிராகா நகரில் வாழ்ந்த லோவ் என்ற யூத குருவின் பெயரோடு அது பிணைந்துவிட்டது. ஆக்கும் சொல்லுக்குள்ளேயே அழிக்கும் வழியையும் வைத்த அறிவு வியக்கத்தக்கது. படைத்தவனுக்கு அடங்காத படைப்பைக் குறித்த அச்சம் எல்லா மக்களுக்கும் பொது போலும்.

மயிற்பொறியும் கொல்லிப்பாவையும்

நம் இலக்கியத்துக்கு வருவோம். இயந்திரம், பாவை, பொறி என்று தேடுவோருக்கு முதலில் நினைவுக்கு வருவது சீவக சிந்தாமணியின் மயிற்பொறி. கட்டியங்காரனின் சூழ்ச்சி நெருங்குவதை அறிந்த சச்சந்தன், கருவுற்ற மனைவி விசயையைக் காப்பாற்றத் தச்சனைக் கொண்டு பறக்கும் மயில் ஒன்றைச் செய்விக்கிறான். அதை இயக்க அவளுக்குப் பயிற்சியும் நடக்கிறது. அழிவு வந்த நாளில் மயில் அவளைச் சுமந்து பறந்து நகரின் சுடுகாட்டில் இறக்கிவிடுகிறது. சீவகன் அங்கே பிறக்கிறான். அத்தோடு அந்தப் பொறியின் வேலை முடிந்தது. மனிதன் செய்த அற்புதம்தான். ஆனால் ஒரு முறைக்கானது. பிள்ளையைக் கொண்டு சேர்க்கிறது, அரசைக் காக்கவில்லை.

மற்றொரு முனையில் நிற்பது கொல்லிப்பாவை. காற்றாலும் இடியாலும் தன் எழில் கெடாத பாவை என்று நற்றிணைப் பாடல்கள் அதைச் சொல்கின்றன. அழிவில்லாதது, பராமரிப்பும் வேண்டாதது. ஆனால் அதைச் செய்தது மனிதக் கையன்று. பூதம் அமைத்தது என்பது சங்கப் புலவர் வாக்கு.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கோடு புலப்படும். மனிதர் செய்தது நிலைக்கவில்லை. நிலைத்ததை மனிதர் செய்யவில்லை. கதைநடத்துநரான மாணவனின் கட்சிக்கு இது வலுச்சேர்க்கும். ஆனால் வழக்கு இத்தோடு முடியவில்லை. காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த நகரத்தை இன்னும் நாம் பார்க்கவில்லை.

புகாரின் ஐந்து மன்றங்கள்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை புகார் நகரின் ஐந்து மன்றங்களைச் சொல்கிறது. நாம் அதை எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறோம். விழாவின் அலங்காரப் பகுதி என்று கடந்தும் போயிருக்கிறோம். இம்முறை மாணவரின் கேள்வியை மனத்தில் வைத்துப் படித்தபோது அது ஒரு விதிநூலைப் போலத் தோன்றியது.

வெள்ளிடை மன்றத்தில் வணிகரின் பொதிகள் பெயரும் அளவும் எழுதப்பட்டு, பூட்டும் காவலும் இன்றிக் கிடக்கும். எவனாவது திருட எடுத்தால் கழுத்து நோகப் பொதியைச் சுமந்தபடி அங்கேயே சுற்றி வருவானே ஒழிய வெளியே கொண்டுபோக முடியாது. இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் கூனரும் குறளரும் ஊமரும் செவிடரும் தொழுநோயரும் மூழ்கி எழுந்தால் குறை நீங்கும். நெடுங்கல் நின்ற மன்றத்தில் நஞ்சு உண்டவர், பாம்பு தீண்டியவர், பேய் பிடித்தவர் வலம்வந்து துயர் தீர்வர். பூத சதுக்கத்தில் கையில் பாசக்கயிற்றோடு நிற்கும் பூதம் பொய்த் தவசி, கற்பை மறைவில் இழந்தவள், நாட்டைக் காட்டிக்கொடுக்கும் அமைச்சன், பிறன்மனை நயப்பவன், பொய்ச்சாட்சி, புறங்கூறுவோன் ஆகியோரைப் பிடித்து அறைந்து உண்ணும். பாவை மன்றத்துப் பாவை, அரசனின் கோல் வளைந்தாலோ அறங்கூறும் அவை ஒருபக்கம் சாய்ந்தாலோ, வாய் திறந்து ஒரு சொல்லும் சொல்லாமல் நின்று கண்ணீர் வடிக்கும்.

இவற்றுள் எதுவும் எல்லாம் வல்லதன்று என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். வெள்ளிடை மன்றம் நோய் தீர்க்காது. பொய்கை திருடனைப் பிடிக்காது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை; அந்த எல்லைக்குள் ஒரே வேலை. அதிலும் பாவைக்கு விதித்தது மிகக் குறைந்த ஆற்றல். பூதம் அமைச்சனையும் சாட்சியையும் அறைந்து கொல்லலாம். அரசன் தவறினால் பாவை அழ மட்டுமே செய்யும். அந்த அழுகையைக் கண்டு என்ன செய்வது என்பதை நகரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டார் இளங்கோ.

இந்தப் பாவையைப் படித்த பிறகு கண்ணகி மதுரைக்குப் போனதை நினைத்துப் பாருங்கள். அவள் பிறந்த ஊரில் அரசன் தவறினால் கல் அழும். அவள் சென்ற ஊரிலோ அப்படி அழுவதற்கு ஒரு பாவை இருந்ததாகக் காப்பியம் சொல்லவில்லை. அங்கே அந்த வேலையை உயிருள்ள பெண்ணே செய்ய வேண்டியதாயிற்று. அழுததோடு அவள் நிற்கவும் இல்லை.

பூதம் மறுத்த பண்டமாற்று

நிலைத்த படைப்பு தன் விதியை மீறாது என்பதற்கும் சிலப்பதிகாரத்திலேயே சான்று இருக்கிறது. அடைக்கலக் காதையில் மாடலன் கோவலனின் பழைய செயல்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறான். கற்புடைய பெண்ணொருத்தி மேல் பொய்ப்பழி சுமத்தியவனைச் சதுக்கப்பூதம் பிடித்துக்கொண்டது. அவனுடைய தாய் கதறுகிறாள். கோவலன் பாசக்கயிற்றுக்குள் தானே புகுந்து, அவனை விட்டு என் உயிரை எடுத்துக்கொள் என்கிறான். பூதம் ஒப்பவில்லை. கீழ்மகனுக்கு ஈடாக நல்லவனின் உயிரைக் கொண்டால் தன் நெறி கெடும் என்று சொல்லி, அவன் கண்ணெதிரே பொய்யனைப் புடைத்து உண்டுவிடுகிறது.

இரக்கத்துக்கும் தியாகத்துக்கும் அங்கே இடமில்லை. விதி விதிதான். இந்த இடத்தில் கோவலன் என்ன செய்தான் என்பதே நமக்கு முக்கியம். அந்தத் தாயையும் அவள் சுற்றத்தையும் பல ஆண்டுகள் தன் பொருளால் காத்தான். பூதத்தால் செய்ய முடியாதது அது. அழியாத காவல் வந்துவிட்டால் கதை முடிந்துவிடும் என்று அஞ்சிய மாணவனுக்கு இதைச் சொன்னோம். புகாரில் பூதம் தண்டித்து முடித்த இடத்தில்தான் கோவலனின் கதை ஒன்று தொடங்கியது.

விழா நின்ற ஆண்டு

சரி, இந்த ஐந்தும் யாருடைய தயவுமின்றி என்றென்றும் நின்றனவா? இல்லை. இந்திரவிழாவின்போது ஐந்து மன்றங்களுக்கும் பலி இட்டார்கள் என்கிறது சிலம்பு. மணிமேகலையின் விழாவறை காதை இன்னும் தெளிவு. தொடித்தோட் செம்பியன் காலந்தொட்டு வந்த இந்த 28 நாள் விழாவை மறந்தால் நாளங்காடிப் பூதம் இடும்பை செய்யும். தீயவரைப் புடைத்து உண்ணும் சதுக்கப்பூதமும் நகரில் பொருந்தி இராது என்று அங்கே எச்சரிக்கிறார்கள். அதாவது, காவல் பூதம் நகரத்தின் சொத்தாக இருக்கவில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய ஓர் உடன்படிக்கையின் பேரிலேயே அது அங்கே நின்றது.

அந்த உடன்படிக்கை ஒருநாள் முறிந்தது. முறித்தவன் கொடுங்கோலன் அல்லன். துயரத்தில் இருந்த ஒரு தந்தை. நாகநாட்டுப் பீலிவளை பெற்ற தன் மகன், கம்பளச் செட்டியின் மரக்கலம் கவிழ்ந்ததில் காணாமற்போனான் என்று கேட்ட சோழன், கரையெங்கும் தேடி அலைகிறான். அந்த ஆண்டு விழாவை மறந்துவிடுகிறான். மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் நகரைக் கடல் கொள்கிறது. கடல்கோளின் உண்மையான காரணங்களை ஆய்வாளர் ஆராயட்டும். சாத்தனார் அதற்குத் தேர்ந்த காரணம் நம் சிந்தனைக்குரியது. ஓர் ஆண்டு, ஒரு விழா, ஒரு மறதி. எத்தனையோ தலைமுறை நின்றதற்கு அதுவே முடிவு.

மனிதர் செய்த நிலைபேறு

இதுவரை பார்த்தவை காப்பியங்கள். படைத்தவர் தேவர், காத்தவர் மனிதர். மனிதரே நிலைபேற்றைப் படைக்க முயன்றதற்குச் சான்று உண்டா என்றால், அது தஞ்சையிலேயே கல்லில் இருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் மிகுதியாகக் காணப்படும் கொடை நுந்தா விளக்கு. அணையாமல் எரிய வேண்டிய விளக்கு. சந்திரனும் சூரியனும் உள்ள வரை எரிய வேண்டும் என்பதைச் 'சந்திராதித்தவல்' என்று எழுதினார்கள். விளக்கு எரிய நெய் வேண்டும். நெய்க்கு ஆடு வேண்டும். ஆடோ சாகும் உயிர். இந்தச் சிக்கலுக்குக் கல்வெட்டு எழுதியோர் கண்ட தீர்வு ஒரு தொடர்: 'சாவா மூவாப் பேராடு'. சாகாத, மூப்படையாத ஆடுகள்.

முதன்முறை படிக்கும் மாணவர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். காயகற்பம் உண்ட ஆடுகளா என்று கேட்டவனும் உண்டு. உண்மையில் அது கணக்கு. இடையன் கையில் ஆடுகளை ஒப்படைக்கிறார்கள். கிழடு சாகும்; குட்டி பிறக்கும். செத்ததை ஈடுசெய்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்துக்கொள்வது அவன் கடமை. ஆடு செத்தாலும் எண் சாகாது. இராசராசன் 985 இல் அரியணை ஏறித் தன் 25 ஆம் ஆட்சியாண்டில், 1010 இல், குடமுழுக்குக் கண்ட பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். நாள்தோறும் கோயிலுக்கு அளக்க வேண்டியது ஓர் உழக்கு நெய். அதையும் ஆடவல்லான் என்று பெயரிட்ட கோயில் அளவையாலேயே அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் காற்பங்கு. ஆண்டுக்கு 360 நாள் என்று கொண்டால் 90 நாழி நெய். ஒரு விளக்கின் நிலைபேற்றுக்கு இதுவே விலை.

இப்படிப்பட்ட விளக்குகளை வைத்தவர் மன்னர் மட்டுமல்லர். அரசியர், அதிகாரிகள், வணிகர், படைவீரர் என்று பலரும் வைத்தனர். இன்னொரு வகையும் உண்டு. வேட்டையில் குறி தவறிய அம்பு ஓர் ஆளின் மேல் பாய்ந்தது, கைகலப்பில் வேண்டுமென்றில்லாமல் உயிர் போயிற்று என்பது போன்ற வழக்குகளில், செய்தவனைக் கொல்லாமல், செத்தவன் பேரால் கோயிலில் நுந்தா விளக்கு வைக்கச் சொல்லி ஊரார் தீர்ப்பளித்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சில சொல்கின்றன. அணைந்த உயிருக்கு ஈடாக அணையாத சுடர். அந்த அமெரிக்க விதிநூல் நிலைபேற்றுக்கு உடல்வலிமையில் ஓர் அலகைக் கேட்டதல்லவா? அதைப் படித்தபோது நமக்கு இந்த விளக்குகளே நினைவுக்கு வந்தன.

விலையைக் கொடுத்தவர் யார் என்பது அடுத்த கேள்வி. கொடையாளி ஒருமுறை கொடுத்தார். அவர் பெயர் கல்லில் நின்றது. நாள்தோறும் உழக்கு நெய் அளந்தவன் இடையன். பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஆடுகளைப் பெற்ற இடையரின் பெயர்கள் நிரல்பட வருகின்றன. அவன் மட்டுமன்று, அவன் சுற்றத்தாரும் சந்திரசூரியர் உள்ளவரை அளக்கக் கடமைப்பட்டவர்கள். பெறுகிற மந்தையால் அவனுக்கு வாழ்வும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவன் பேரனின் பேரனுக்கு அன்றே ஒரு கடமை எழுதப்பட்டுவிட்டது என்பதும் உண்மை. ஒருவருடைய நிலைபேறு இன்னொருவரின் முடிவில்லாத வேலை. பெருமிதத்தோடு மட்டுமே கல்வெட்டைப் படிக்கும் நம் பழக்கத்தில் இந்த இடம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கல்வெட்டு எழுதியோர் இதன் நொய்மையை அறியாதவர்கள் அல்லர். இந்த அறத்தைக் காப்பவர் திருவடி என் தலைமேல் என்று கொடையாளி பணிவதையும், கெடுப்பவர் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் கொள்வர் என்று சபிப்பதையும் கல்வெட்டுகளின் இறுதியில் காண்கிறோம். தானே நிற்கும் ஒன்றுக்கு வேண்டுகோளும் சாபமும் எதற்கு? நாளை வரப்போகும், தாம் பார்க்கவே போகாத யாரோ ஒருவனின் மனத்தை நம்பித்தான் விளக்கு எரிகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

அந்த நம்பிக்கை இறுதிவரை நிறைவேறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோழர் போயினர்; மந்தைக் கணக்கும் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்சு இக்கல்வெட்டுகளைப் படித்து வெளியிடும் வரை, பெரிய கோயிலைக் கட்டியவர் இன்னார் என்பதிலேயே குழப்பம் இருந்தது. கரிகாலன் என்றோரும் உண்டு. தன் பெயரையே கோயிலுக்குச் சூட்டிய மன்னனுக்கு நேர்ந்த நிலை இது.

மதகும் பாவையும்

அந்த மாணவி கேட்டது விளக்கு அன்று, மதகு. அதற்கும் இந்த மண்ணிலேயே பாடம் உண்டு. கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை ஈராயிரம் ஆண்டு நின்றது என்று பெருமை பேசுகிறோம். மணற்படுகையில் கல் அமிழ்ந்து அமிழ்ந்து, மேலே மேலே கல் இட்டு, காலந்தோறும் யாரோ பார்த்துக்கொண்டதால் நின்றது அது. ஆர்தர் காட்டன் 1836 இல் முக்கொம்பில் மேலணை கட்டினார். அதுவும் உறுதிக்குப் பேர்போனது. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகியபோது அதன் ஒன்பது மதகுகள் ஓரிரவில் அடித்துச் செல்லப்பட்டன. அங்கே பாவை இருந்திருந்தால் பல ஆண்டுகளாக அழுதிருக்கக்கூடும். அதைப் பார்ப்பதற்கு யாராவது போயிருப்பார்களா என்பது வேறு.

ஒரு வாரம் கழித்து ஐவரும் வந்தனர். மேலே எழுதியவற்றைச் சொல்லி, நமக்குத் தோன்றிய தீர்ப்பையும் சொன்னோம். பாவையை அனுமதிக்கலாம். ஆனால் மூன்று நிபந்தனை. ஒன்று, அது செய்யும் வேலை ஒன்றே ஒன்றாக, எல்லையோடு இருக்க வேண்டும். இரண்டு, அந்த எல்லைக்குள் அது யாருக்காகவும் வளையாது. படைத்தவள் கெஞ்சினாலும் வளையாது. மூன்று, அதை நாள்தோறும் அல்லது ஆண்டுதோறும் பேணப்போவது யார், அவர்களுக்கு அதற்காகக் கிடைப்பது என்ன என்பதைப் படைக்கும்போதே பெயரோடு எழுத வேண்டும். பேணுபவர் இல்லாத ஆண்டில் பாவை போய்விடும். ஐந்தாம் பதிப்பின் விதி ஓராண்டு நாள்தோறும் ஓதினால் போதும், பிறகு தானே நிற்கும் என்கிறது. நம் கல்வெட்டுக்காரர்கள் அப்படி ஒரு 'பிறகு' இருப்பதாக எழுதவில்லை.

மாணவன் உடனே ஒப்புக்கொண்டான். மூன்றாம் நிபந்தனை அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "இனி எனக்குப் பத்துக் கதை கிடைக்கும் ஐயா" என்றான். மாணவி மட்டும் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள்.

மறு ஞாயிற்றுக்கிழமை ஐவரையும் பெரிய கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். அதிட்டானத்தில் கல்வெட்டு வரிகளை விரலால் தடவி எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழக்கினோம். சோழர் காலத் தமிழெழுத்தின் வடிவம் பிடிபடச் சற்று நேரமாகும். பிடிபட்டுவிட்டால் நிறுத்த மனம் வராது. மற்றவர்கள் மன்னனின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க, அவள் இடையரின் பெயர்களைக் கேட்டாள். பதிப்பில் குறித்துவைத்திருந்த பெயர்களைப் படித்துக் காட்டினோம். "இவர்களுடைய பிள்ளைகள் கடைசியாக எந்த வருடம் நெய் அளந்தார்கள் ஐயா?" என்று கேட்டாள். அளக்கத் தொடங்கிய ஆண்டைக் கல் சொல்கிறது. நிறுத்திய ஆண்டை யாரும் பொறித்து வைக்கவில்லை என்றோம்.

பிறகு அறிந்தது: ஆட்டத்தில் பாவை நிறுவப்பட்டுவிட்டது. மூன்றாம் நிபந்தனைப்படி அவள் எழுதிய பட்டியலைக் கதைநடத்துநர் கொண்டுவந்து காட்டினான். மதகின் முதல் மடை முதல் கடைமடை வரை பன்னிரண்டு குடும்பங்கள். மாதத்துக்கு ஒரு குடும்பம் முறை. முறைக்காரருக்கு அந்த மாதம் முதல் தண்ணீர். பட்டியலில் முதலில் இருந்தது கடைமடைக் குடும்பம். பன்னிரண்டாவதாக அவளுடைய மந்திரக்காரியின் பெயர். அதற்கென்று ஆண்டுக்கு ஒரு மாதம் அவள் எந்தப் புதையலைத் தேடியும் போகாமல் அந்த ஊருக்குத் திரும்பிவிடுகிறாளாம். அந்தச் சனிக்கிழமைகளில் மற்ற மூவரும் முணுமுணுத்துக்கொண்டே காத்திருக்கிறார்கள்.